மருந்தைக் கொடுக்கும் கை: ரந்தாவ் தோட்டப்புறத்தில் கொய்னா முதல் நுண்ணுயிர்க்கொல்லி வரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவர். முதல் மூன்றும் எவர்க்கும் எளிதில் தோன்றுவன. நான்காவது அவ்வாறன்று. மருந்து நோயாளியைச் சென்றடையும் வழியில் நிற்கும் ஒருவரைத் தனிக் கூறாக எண்ணி, மருத்துவருக்கு இணையாக வைத்த நுட்பம் கருதத்தக்கது. சரியான மருந்தும் தவறான அளவில், தவறான வேளையில், தவறான ஆளுக்குக் கொடுக்கப்பட்டால் கேடாகும். அதனைத் தடுப்பது அந்த நான்காமவரின் கடமை.

இன்றைய மருத்துவமனைகளில் மருந்துப் பாதுகாப்பு, நுண்ணுயிர்க்கொல்லிகளின் பொறுப்பான பயன்பாடு ஆகிய இரண்டும் பெரிதும் பேசப்படுகின்றன. இவை புதிய சிக்கல்கள் என்று பலர் கருதுகின்றனர். நெகிரி செம்பிலான் தோட்டப்புற வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இவை பழையன என்பது விளங்கும். நம் பாட்டன் பாட்டியர் மருந்தைப் பெற்ற வரலாற்றிலேயே இவற்றின் வேர்கள் உள்ளன.

காப்பி, பால்மரம், காய்ச்சல்

சிரம்பானுக்குத் தெற்கே அமைந்த ரந்தாவ் ஒரு சிறு பட்டணம். அதனைச் சூழ்ந்து லின்சம் முதலான தோட்டங்கள் அமைந்தன. சுங்கை ஊஜோங் எனப்பட்ட இவ்வட்டாரத்தில் 1880களில் காப்பி பயிரிடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பி விலை சரிந்தபின் பால்மரம் அதன் இடத்தைப் பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ரப்பர் விலை ஏற ஏறக் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் திரட்டப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கித் தோட்டத்து லயங்களைச் சேர்ந்தனர்.

அவர்களை எதிர்கொண்ட முதற் பகை மலேரியாக் காய்ச்சல். கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு ஆயிரத்துக்கு 60 பேரைத் தாண்டியது. நூறு பேர் வாழும் லயத்தில் ஓராண்டுக்குள் ஆறு பேர் மாண்டனர் என்று இதற்குப் பொருள். வந்தவர்களுள் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வெண்ணின் கொடுமை இன்னும் தெளிவாகும்.

கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். அதனை மலாயாவில் செயற்படுத்திக் காட்டியவர் மால்கம் வாட்சன். 1901இல் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அவர் சதுப்பை வடித்துக் காட்டைத் துப்புரவாக்கியபோது காய்ச்சல் பெரிதும் தணிந்தது. ஆனால் அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பொய்த்தது. சமவெளியில் காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளரும் கொசு வேறு. மேட்டு நிலத்தில் வெயில் படும் தெளிந்த ஓடையில் வளரும் அனாபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு வேறு. முன்னதற்குக் காடழிப்பு முடிவாயிற்று. பின்னதற்கு அதுவே வாழ்வாயிற்று. மேடும் பள்ளமுமாகிய நெகிரி செம்பிலான் நிலத்துக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. ஓரிடத்தில் நோயைத் தீர்த்த வழி இன்னோரிடத்தில் நோயைப் பெருக்கலாம். காரணத்தை அறியாமல் தீர்வைத் தொடங்கலாகாது என்பது மலாயாத் தோட்டங்கள் கற்பித்த முதற் பாடம்.

கொய்னாவும் பெரட்டுக்களமும்

வடிகால் வெட்டப் பணமும் காலமும் தேவை. கொய்னா அவ்வாறன்று, அது உடனே கைக்கு எட்டுவது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து தோட்டங்களில் நீராகவும் மாத்திரையாகவும் வழங்கப்பட்டது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கொய்னா ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் தோன்றியது. அதன் கசப்பைத் தாங்காமல் வாயில் அடக்கிவைத்து மறைவில் துப்பியவர் உண்டு. எனவே கண்முன்னே விழுங்கச் செய்வதும் கடமையாயிற்று. காசநோய் மருந்தை நோயாளி உட்கொள்வதை ஒருவர் நேரில் கண்டு உறுதிசெய்யும் முறை இன்று உலகெங்கும் உள்ளது. அதன் முன்வடிவம் ஒன்றினைத் தோட்டத்துப் பெரட்டில் காண்கிறோம்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. பெரட்டில் மருந்து கொடுத்தவர் அதன் பெயரையோ பயனையோ கேடுகளையோ தொழிலாளிக்கு விளக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. மருந்து ஒரு கட்டளையாகவே வந்தது. கொய்னா அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல் கேட்கும், செவி மந்தமாகும், தலை சுற்றும். ஒழுங்கின்றி விட்டுவிட்டு உட்கொண்டவர்களிடையே சிறுநீர் கறுத்து உயிருக்கு ஆபத்து விளைக்கும் கருநீர்க் காய்ச்சல் மிகுதியாகத் தோன்றுவதை அக்கால மருத்துவர்கள் கவனித்தனர். அளவும் ஒழுங்கும் பிறழ்ந்தால் நோய் தீர்க்கும் மருந்தே நோய் தரும் என்பதைத் தோட்டத்து மக்கள் தம் உடலில் அறிந்தனர்.

மருந்தைக் கொடுத்த அந்த மனிதர் 'டிரெசர்' எனப்பட்டார். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இப்பணியில் பலர் இருந்தனர். பல தோட்டங்களுக்கு ஒரு மருத்துவர் எப்போதாவது வருகை தருவார். அன்றாடம் இருந்தவர் டிரெசரே. கலவை மருந்தைப் புட்டியில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், இவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவுசெய்வதும் அவர் பொறுப்பு. எழுத்தறியாத தாய்க்குப் 'பொழுது சாயும்போது ஒரு மூடி' என்று அவர் சொல்லும் தமிழே மருந்துச் சீட்டாக விளங்கியது. வள்ளுவர் கூறிய நான்காமவர் தோட்டத்தில் இவ்வடிவில் நின்றார். பிற்காலத்தில் இவர்களுடைய தகுதியை வரையறுக்கத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் 1965இல் இயற்றப்பட்டது.

பலுட்ரின் கற்பித்த பாடம்

1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானது. உலகக் கொய்னாவின் மிகப் பெரும் பகுதி அத்தீவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மருந்துக்கு ஏற்பட்ட பஞ்சம் உலகப் பஞ்சமாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டனர். மருந்து இல்லாமையின் பொருளை அத்தலைமுறை முழுமையாக அறிந்தது.

போருக்குப்பின் வேதியியலாளர் ஆக்கிய புதிய மருந்துகள் வந்தன. அவற்றுள் ஒன்று புரோகுவானில். 'பலுட்ரின்' என்ற வணிகப் பெயரால் அறியப்பட்டது. கொய்னாவைப் போல் பெருந்தொல்லை தராமல் மலேரியாவைத் தடுத்தமையால் அது மிகுந்த நம்பிக்கையோடு வரவேற்கப்பட்டது. அந்நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபீல்டு, எடெசன் என்போர், புரோகுவானிலுக்கு அடங்காத கொடிய வகை மலேரியா மலாயாவில் தோன்றியிருப்பதை 1949இல் அறிவித்தனர். மருந்து பரவலான பயன்பாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர் வந்த குளோரோகுவினுக்கும் அடங்காத மலேரியா 1960களின் தொடக்கத்தில் மலாயாவில் பதிவாயிற்று.

இது எவ்வாறு நிகழ்கிறது? கோடிக்கணக்கான கிருமிகள் பெருகும்போது அவற்றுள் சிலவற்றின் மரபுக்கூறில் தற்செயலான மாற்றம் நேர்கிறது. புரோகுவானிலை முறியடிக்க ஒரு நொதியில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றமே போதும். மருந்து இல்லாத இடத்தில் அம்மாற்றத்தால் கிருமிக்குத் தனிப் பயனில்லை. மருந்து வந்தவுடன் மற்றவை மடிகின்றன. மாறியவை எஞ்சிப் பெருகுகின்றன. மருந்து அக்கிருமியை உண்டாக்கவில்லை. அதற்குப் போட்டியாக இருந்தவற்றை நீக்கி இடம் தந்தது. மருந்து எவ்வளவு பரவலாக, எவ்வளவு தேவையின்றிப் பயன்படுகிறதோ, அவ்வளவு விரைவாக இத்தெரிவு நிகழும்.

மலேரியாக் கிருமி பாக்டீரியா அன்று. அது ஓர் ஒட்டுண்ணி. ஆயினும் விதி ஒன்றே. மலாயாவில் பலுட்ரின் வலுவிழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் பென்சிலின் வலுவிழந்துகொண்டிருந்தது. சீழ்ப்புண்ணை உண்டாக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமிகளுள் பாதிக்கு மேற்பட்டவை பென்சிலினுக்கு அடங்காதவை என 1948 அளவில் மேரி பார்பர் அங்குக் கண்டறிந்தார். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபெல் பரிசு உரையிலேயே இதனை எச்சரித்திருந்தார்: குறைவான அளவில் உட்கொண்டால் கிருமிகள் சாவதற்குப் பதிலாகப் பழகிக்கொள்ளும் என்பது அவர் கருத்து.

ஊசியின் காலம்

1950களில் பென்சிலின் ஊசி தோட்டப்புறத்தின் கற்பனையைக் கவர்ந்தது. நிமோனியாவால் மூச்சுத் திணறிய குழந்தை எழுந்து உட்கார்ந்ததையும், அழுகிய புண் ஆறியதையும் கண்ட மக்கள் ஊசியை நம்பியதில் வியப்பில்லை. நாளடைவில் அந்நம்பிக்கை அளவு கடந்தது. 'ஊசி போடாத வைத்தியம் வைத்தியமா?' என்னும் மனப்பான்மை வேரூன்றியது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஊசியோ வண்ண மாத்திரையோ எதிர்பார்க்கப்பட்டது. எதிர்பார்ப்பை மறுத்தால் நோயாளி வேறிடம் செல்வார் என்ற அச்சம் மருந்து தருவோரையும் பிடித்தது. இது நம் தோட்டப்புறத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நகரங்களிலும் உலகின் பிற நாடுகளிலும் இன்றுவரை காணப்படுவது.

சட்டம் இதற்கு ஒரு வேலி இட்டது. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் நுண்ணுயிர்க்கொல்லிகள் மருத்துவரின் பரிந்துரையின்றிப் பெறக்கூடாத மருந்துகளாக மலேசியாவில் வகுக்கப்பட்டுள்ளன. மருந்துப் பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலும் துயரங்களிலிருந்தே பிறக்கின்றன. அமெரிக்காவில் 1937இல் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை நஞ்சான ஒரு கரைப்பானில் கலந்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுள் பலர் குழந்தைகள், இறந்தனர். விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பு மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டே அங்கு வந்தது. மலேசியாவில் மருந்துப் பதிவை வரையறுத்த விதிமுறைகள் 1984இல் இயற்றப்பட்டன.

காரணம் அறியாத தீர்வு

ரந்தாவுக்கு அண்மையில் நிகழ்ந்த ஒரு துயரத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். 1998ஆம் ஆண்டின் இறுதியில் பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், போர்ட் டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலண்டோக் வட்டாரப் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவியது. தொடக்கத்தில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. புகை அடித்தனர்; தடுப்பூசி போட்டனர்; இறப்பு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் நோயாளியின் உடல்நீரிலிருந்து ஒரு புதிய வைரசைப் பிரித்தெடுத்தார். நோயாளி வாழ்ந்த சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர்.

நோயின் முதலை நாடாமல் தொடங்கும் சிகிச்சை வீணாகும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை. வைரசால் வரும் நோய்க்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தால் பயனில்லை; பக்கவிளைவு மட்டும் நிச்சயம்.

மருத்துவமனையில் நால்வரின் கடமை

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்ட மருத்துவமனைகள் பல மூடப்பட்டன. அவற்றின் குறைகள் பல. அவற்றை எண்ணி ஏங்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் இழப்பு உண்மையானது. நம் மொழியில் மருந்தை விளக்கித் தந்த அந்த ஒருவர் மறைந்தார். அவர் இடத்தில் இன்று மருத்துவர், தாதியர், மருந்தாளர், ஆய்வகத்தார் என ஒரு குழுவே உள்ளது. குழு பெரிதாகும்போது கைமாறும் இடங்களும் பெருகும். கைமாறும் இடந்தோறும் பிழை நேர வாய்ப்புண்டு.

அதனால்தான் மருத்துவமனைகள் சில ஒழுங்குகளை வகுத்துள்ளன. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் தாதியர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கின்றனர். பெயர் ஒலிப்பில் ஒத்த மருந்துகள் குழம்பாமல் இருக்க எழுத்தை வேறுபடுத்தி அச்சிடுகின்றனர். நோயாளி வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளையும் மருத்துவமனையில் எழுதப்படும் மருந்துகளையும் மருந்தாளர் ஒப்பிடுகிறார். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி. அதன் விளைவாகச் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் உளர். சிறுநீரகம் தளர்ந்தால் பல நுண்ணுயிர்க்கொல்லிகளின் அளவைக் குறைக்க வேண்டும். 'எனக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீரகம் சற்றுப் பழுது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று நோயாளி சொல்லும் ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

நுண்ணுயிர்க்கொல்லிக்குத் தனி ஒழுங்கு உண்டு. இயன்றவரை மருந்து தொடங்குமுன் இரத்தம், சிறுநீர், சளி ஆகியவற்றை ஆய்வுக்கு எடுத்தல். இரண்டு மூன்று நாளில் முடிவைப் பார்த்து மருந்தை மாற்றுதல், சுருக்குதல், அல்லது நிறுத்துதல். தேவைக்கு மேல் ஒரு நாளும் நீட்டாதிருத்தல். கைகழுவலால் ஒருவர் கிருமி மற்றவர்க்குத் தொற்றாமல் காத்தல். இவற்றை முறைப்படுத்தும் நெறிமுறையை மலேசியச் சுகாதார அமைச்சு 2014இல் வெளியிட்டது. தமிழகத்திலும் இவ்வுணர்வு எழுந்தது: 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி வகுத்த 'சென்னைப் பிரகடனம்' நுண்ணுயிர்க்கொல்லிகளின் கட்டுப்பாடற்ற விற்பனைக்கு எதிரான செயல்திட்டமாக விளங்கியது. உலக அளவில் 2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

வாட்சனின் அனுபவமும் இங்குப் பொருந்தும். கொய்னாவை மட்டும் நம்பி மலேரியாவை வெல்ல இயலாது. ஓடையையும் வடிகாலையும் கவனிக்க வேண்டும் என்று அவர் கண்டார். அவ்வாறே தூய நீர், கழிவறை, தடுப்பூசி, கைகழுவல் ஆகியன நோயைக் குறைக்கும் அளவுக்கு நுண்ணுயிர்க்கொல்லியின் தேவையும் குறையும்.

சொல்லின் பொறுப்பு

மொழி வளர்ச்சிக்கென அமைந்த அவையில் மருந்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும். ஏனெனில் இச்சிக்கலின் ஒரு பகுதி சொல்லிலேயே உள்ளது.

'கிருமி' என்னும் நம் சொல் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி அனைத்தையும் ஒன்றாகக் குறிக்கிறது. 'கிருமிக்கு மருந்து' என்று கேட்பவர் எக்கிருமிக்கு என்று கேட்பதில்லை. 'எதிர்ப்பு' என்னும் சொல்லோ இன்னும் பெரிய குழப்பம் தருகிறது. 'நோய் எதிர்ப்புச் சக்தி' உடலுக்கு நன்மை. 'மருந்து எதிர்ப்பு' கிருமிக்கு வலிமை. இரண்டிலும் ஒரே சொல் வருவதால், மருந்தை எதிர்ப்பது தம் உடல் என்றே பலர் எண்ணுகின்றனர். இக்குழப்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் நடத்திய ஆய்வில், உடலே மருந்துக்குப் பழகிவிடுகிறது என்று 76 விழுக்காட்டினர் தவறாக எண்ணினர். சளிக்கும் ஃபுளூ காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படும் என்று 64 விழுக்காட்டினர் நம்பினர்.

இதனைத் திருத்துவது கலைச்சொல் ஆக்குவோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பணி. 'மருந்துக்கு அடங்காத கிருமி' என்று சொன்னால் யார் அடங்கவில்லை என்பது தெளிவாகும். 'நுண்ணுயிர்க்கொல்லி' என்பதைப் 'பாக்டீரியாக்கொல்லி' என்று விளக்கிச் சொன்னால் வைரசுக்கு அது பயன்படாது என்பது சொல்லிலேயே விளங்கும். இச்சொற்களே முடிந்த முடிபு என்று கூறவில்லை. ஆராய்ந்து தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. பல வீடுகளில் பாட்டியின் மருந்துப் பையில் உள்ள எழுத்து மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பேரப்பிள்ளையே. எந்த மாத்திரை எந்த வேளை, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்பதைப் படித்துச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள். ஒருவர்க்குத் தந்த நுண்ணுயிர்க்கொல்லியை மற்றவர் உட்கொள்ளவும், மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று சேமிக்கவும் விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் இடையில் நிறுத்தவும் விடாதீர்கள்.

பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, பெயர் தெரியாத கசப்பை விழுங்கியவர்களின் வழிவந்தோர் நாம். நமக்குக் கேட்கும் உரிமையும் படிக்கும் எழுத்தும் வாய்த்துள்ளன. வள்ளுவர் எண்ணிய நான்காமவரின் இடம் தோட்டத்து மருத்துவமனையோடு மூடப்பட்டுவிடவில்லை. அது இன்று ஒவ்வொரு வீட்டிலும், மருந்துப் பையைத் திறக்கும் கையில் இருக்கிறது.